பசிக்கும் மனத்தவிப்புக்கும் வேறுபாடு அறியாமல் உண்பதில் நேரும் தவறுகள்

பள்ளி விட்டு வந்ததும் பண்ட டப்பாவைத் திறக்கும் பிள்ளையிடம், திருநெல்வேலிச் சீமையின் ஆச்சிகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஏலே, பசிக்கா, இல்ல சும்மா திங்கணும்போல இருக்கா?" இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதே முதல் தவறு. உடற்பசி மெல்ல வரும். வயிறு காலியாகக் காலியாக, இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்த ஹார்மோன், நாம் வழக்கமாக உண்ணும் வேளையை ஒட்டியும் கூடுகிறது. மனத்தவிப்பால் எழும் ஆசையோ, ஒரு கடுஞ்சொல்லுக்கோ தனிமைக்கோ பின்னால் சட்டென்று எழுந்து, குறிப்பிட்ட ஒரு பண்டத்தையே கேட்கும். முந்தைய நாள் பழைய சோறும் இரண்டு சின்ன வெங்காயமும் போதும் என்று தோன்றினால் அது பெரும்பாலும் பசிதான். அல்வாவோ காராச்சேவோ இல்லாமல் ஆகாது என்று தோன்றினால், அன்று என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது தவறு, பசியை நாள் முழுதும் அடக்கிவிட்டு, மாலையில் அளவு மீறும்போது தன்னையே பழிப்பது. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களை எண்ணிப் பாருங்கள். கணக்கு முடித்துக் கடையில் கொடுக்கும் அவசரத்தில் மதியச் சாப்பாடு ஒரு தேநீரோடு தள்ளிப்போகும். வீடு திரும்பும் வழியில் கைக்கு வந்தது வடையோ மிக்சரோ, நிற்கவே மனம் வராது. இதை மனக்கட்டுப்பாடு இல்லாத குணம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. எட்டு மணி நேரம் காத்திருந்த உடல் தன் பங்கைக் கேட்கிறது, அவ்வளவுதான். இவர்களுக்கு வேண்டியது அறிவுரை அன்று. நண்பகலில் உட்கார்ந்து உண்ணக் கால்மணி நேரம். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அல்வாவை அடியோடு விலக்கிவிடுவதும் பலன் தருவதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர் திரும்பும்போது அல்வாப் பொட்டலம் கொடுத்தனுப்பும் ஊர் இது. இனிப்பு இங்கே அன்பின் வழக்கம். விலக்க விலக்க ஏக்கம் வளர்ந்து, ஒருநாள் அது மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளும். என் தகப்பனார் நோயில் படுத்திருந்த மாதங்களில், இரவு பதினொரு மணிக்கு அடுப்பங்கரையில் விளக்குப் போடாமல் நின்றபடி, சேவுப் பையில் கைவிட்டு முடியும்வரை தின்றிருக்கிறேன். எவ்வளவு தின்றேன் என்பது அடுத்த நாள் காலியான பையைப் பார்த்த பிறகே தெரிந்தது. துக்கத்தில் தின்றதைவிட, நின்றுகொண்டு கவனமின்றித் தின்றதுதான் பிழை என்று பின்னால் உணர்ந்தேன். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். கைப்பிடி அளவைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, மென்று தின்றிருந்தால் அந்தச் செய்திக்கு இடம் இருந்திருக்கும். அழுகை வந்தபோது அக்காளுக்கு ஒரு போன் போட்டிருந்தால், சேவு தேவைப்பட்டிருக்காது என்றும் நினைக்கிறேன்.

மறக்கக் கூடாத ஒன்று. சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால், அது இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்; பசியா மனமா என்று ஆராய்ந்துகொண்டிருப்பது ஆபத்தான தவறு. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உடனே தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து இரத்தச் சர்க்கரை அளவைச் சோதிக்க வேண்டும். அதேபோல், நிறுத்த முடியாமல் ஒளிந்து உண்பதோ, உண்டதை வலிந்து வாந்தி எடுப்பதோ திரும்பத் திரும்ப நடக்குமானால், அது மனநல மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டிய நோய். வீட்டார் அதைப் பேராசை என்று ஏசாமல், உடன் சென்று வரிசையில் உட்கார வேண்டும்.