'டிக் டிக்' என்று மட்டும் சொன்ன பழைய சிஆர்டி மானிட்டர்

சுவிட்சைப் போட்டால் படம் வரவில்லை. உள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம், கூடவே முன்பக்க விளக்கு மினுக்கியது. பவர் சப்ளை கிளம்பப் பார்த்து, முடியாமல் திரும்பத் திரும்ப நிற்கிறது என்று அர்த்தம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலேகூடத் தங்கியிருக்கலாம்; பிக்சர் டியூபின் ஆனோடிலோ (உயர் வோல்டேஜ் வயர் சேரும் இடம்) ஆயிரக்கணக்கில். ஃபில்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்த பிறகே போர்டைத் தொட்டேன். ஆனோடு பக்கம் போகவே இல்லை.

படத்தின் கிடைமட்ட ஓட்டத்தை இயக்கும் ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் இதே சத்தம் வரும். அளந்தேன், நன்றாக இருந்தது. பவர் சப்ளையின் வெளியீட்டுப் பக்கத்து (செகண்டரி) டயோடுகளும் சரி. அடுத்து, பவர் சப்ளையைக் கட்டுப்படுத்தும் யுசி3842 ஐசி. அதன் 7-வது பின்னில் சுமார் 16 வோல்ட் ஏறினால்தான் அது கிளம்பும். 10-க்குக் கீழே போனால் நின்றுவிடும். கிளம்பும் நேரத்தில் அதைத் தாங்கிப் பிடிப்பது பக்கத்திலுள்ள 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். எந்தப் புண்ணியவானோ அதைச் சூடான ஹீட்சிங்கை ஒட்டியே வைத்திருந்தார்! உப்பல் இல்லை, கசிவு இல்லை, பார்க்கப் புதிது மாதிரிதான் இருந்தது. கழற்றி அளந்தால் வெறும் 6 மைக்ரோஃபாரட்.

105 டிகிரி தாங்கும் புதியதைத் துருவம் பார்த்து சால்டர் செய்தேன். முதலில் குண்டு பல்பை சீரீஸில் போட்டு (ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்), டியூபின் காந்தத்தன்மையை நீக்கும் டீகாஸ் காயிலின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். அந்தக் காயில் இருந்தால் பல்பு சும்மாவே எரியும். பல்பு பளிச்சிட்டு மங்கியது. சரி, ஷார்ட் இல்லை. அப்புறம் நேரடியாகக் கொடுத்ததும் படம் வந்துவிட்டது. ஹீட்சிங்குக்குப் பக்கத்திலிருந்த மற்ற சின்ன எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களையும் கையோடு மாற்றிவிட்டேன்.