ஒரு நாற்காலி போட்டால் ஆயிற்றா? கால்பந்து கிளப்களின் இயக்குநர் குழுவில் நடக்கும் தவறுகள்

ஒரு கால்பந்து கிளப்பின் இயக்குநர் குழுவில் முதல் பெண் சேர்ந்தால் புகைப்படம் வரும், செய்திக் குறிப்பு வரும். நாள் மார்ச் 8-ஐ ஒட்டி அமைந்தால் இன்னும் வசதி. அப்புறம் பேச்சே இருக்காது. ஒருவர் வந்துவிட்டார், வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பத்து ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண் உட்கார்ந்தால், அவர் வங்கிக் கடன் வட்டியைப் பற்றிப் பேசினாலும் அது ‘பெண்கள் தரப்புக் கருத்து’ என்றே காதில் விழும்.

ஃபிஃபாவையே பாருங்கள். அதன் செயற்குழுவுக்குள் முதல் பெண்ணாக, ஆப்பிரிக்க நாடான புருண்டியின் லிடியா என்செகேரா நுழைந்தது 2012-ல். 2016 சீர்திருத்தத்தில், ஒவ்வொரு கண்டக் கூட்டமைப்பிலிருந்தும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி வந்தது. செயற்குழுவுக்குப் பதிலாக வந்த, 37 பேர் கொண்ட கவுன்சிலில் அது 6 இடம். ‘6 பேராவது’ என்பதை ‘6 பேர் போதும்’ என்று படிப்பது ரொம்ப சுலபம். கிளப்களும் அப்படித்தான் படிக்கின்றன.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது இரண்டாவது தவறு. வந்தவருக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள்? மகளிர் அணி, அறக்கட்டளை, பள்ளிகளுக்கான திட்டம். எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் கிளப்பின் பணம் போவது வீரர்களை வாங்குவதிலும் அவர்கள் சம்பளத்திலும். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்தால் ‘புதிய ஸ்டிரைக்கர் ஒப்பந்தம்: ஒப்புதலுக்கு’ என்று ஒரு வரி இருக்கும். விலை, சம்பளம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் முந்தின சனிக்கிழமை, ஆட்டத்தின் இடைவேளையில், மூன்று பேர் நின்று பேசி முடித்திருப்பார்கள். அந்த மூவரில் இல்லாதவருக்கு மிச்சம் கையெழுத்து மட்டும்தான். இதைச் சரிசெய்யப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். ஒப்பந்தக் காகிதங்கள் ஒரு வாரம் முன்பே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். வீரர் கொள்முதல், சம்பளம், தணிக்கை ஆகிய துணைக்குழுக்களில் பெண்களுக்கு இடம் வேண்டும். லண்டன் கிளப்பான செல்சீயில் மரினா கிரனோவ்ஸ்காயா 2013-ல் இயக்குநராகி, 2022-ல் விலகும் வரை வீரர் பேரங்களை நேரடியாக நடத்தினார். அவரைப் பேட்டிகளில் பார்ப்பது அபூர்வம். ஏஜென்டுகளுக்கு மட்டும் அவர் யாரென்று நன்றாகத் தெரியும்.

அடுத்தது ‘தகுதி’ என்ற சொல். “அவர் கால்பந்து ஆடியிருக்கிறாரா?” என்ற கேள்வி பெண்களுக்கென்றே எடுத்து வைத்ததுபோல வரும். அதே மேசையில் இருக்கும் வழக்கறிஞரையும் கட்டுமான முதலாளியையும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இங்கிலாந்தில் கேட்டால் கேள்வியே கோணலாகிவிடும். அங்கே கால்பந்துச் சங்கம் 1921-ல் தன் உறுப்புக் கிளப்களின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டு, சுமார் 50 ஆண்டு அதை நீக்கவில்லை. ஆட விடாமல் வைத்துவிட்டு, ஆடினாயா என்று கேட்கலாமா? கேரன் பிராடி 1993-ல் பர்மிங்காம் சிட்டி கிளப்பின் நிர்வாக இயக்குநரானபோது வயது 23. கிளப் அப்போது கடனில் முழுகிக் கிடந்தது. 1997-ல் அது பங்குச் சந்தைக்குப் போனது. அந்த வேலைக்குத் தேவைப்பட்டது கணக்கு. கோல் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

தலைவரின் மனைவி அல்லது மகளைப் போட்டு எண்ணிக்கையை நிரப்புவதும் உண்டு. அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் தலைவரோடு ஒரு முறையாவது முரண்பட்டு ஓட்டுப் போட்டாரா என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

கடைசியாக, ஒதுக்கீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. இத்தாலியில் 2011-ல் வந்த சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைவாக உள்ள பாலினத்தவருக்கு இடம் ஒதுக்கியது. யுவென்டஸ் பட்டியலிடப்பட்ட கிளப் என்பதால் அதற்கும் இது பொருந்தும். நாற்காலிகளைப் பொறுத்தவரை சட்டம் தன் வேலையைச் செய்கிறது. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு இயக்குநர் யார், பயிற்சியாளரை யார் நேர்காணல் செய்தார்கள் என்பதற்குள் அது போவதில்லை. அதைப் பார்க்க கிளப்பின் மினிட்ஸ் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் பணம் சம்பந்தப்பட்ட தீர்மானங்களை யார் முன்மொழிந்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும்.