டர்போவுக்குப் புதுக் கோர் வாங்குவது எப்படி: குமரி மாவட்டத்து டீசல் மெக்கானிக்குகளுக்கு

"லேலண்ட் டிப்பருக்கு டர்போ கோர் ஒண்ணு இருக்கா அண்ணே?" என்று ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் போட்டால், கடைக்காரருக்கு அந்தப் பெயரில் நாலைந்து விதம் ஞாபகம் வரும். ஒரே எஞ்சினுக்கு, ஒரே வருட மாடலுக்கே இரண்டு கம்பெனி டர்போ வந்திருக்கலாம். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்குகிற கோர் பல நேரம் ஹவுசிங்கில் உட்காராது. உட்கார்ந்தாலும் பூஸ்ட் (எஞ்சினுக்குள் டர்போ அழுத்தித் தள்ளும் காற்று) சரியாக வராமல் கரும்புகை கக்கும். டர்போ மேல் இருக்கும் நம்பரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

கோர், கார்ட்ரிட்ஜ், சி.எச்.ஆர்.ஏ. என்று சொல்வதெல்லாம் ஒன்றுதான். காற்றுப் பக்கம் இருக்கும் அலுமினிய நத்தை ஹவுசிங்கையும், புகைப் பக்கம் இருக்கும் வார்ப்பிரும்பு ஹவுசிங்கையும் கழற்றிவிட்டால் நடுவில் மிஞ்சுவது கோர். ஷாப்ட், இரண்டு வீல், பேரிங், ஆயில் ஓடும் நடுக்கூடு எல்லாம் சேர்த்து, பேலன்ஸ் செய்து ஒரே துண்டாக வரும். ஹவுசிங் இரண்டும் நன்றாக இருந்தால் முழு டர்போ வாங்கத் தேவையில்லை.

படி 1: கோர்தான் போயிருக்கிறதா, ஏன் போனது?

இதைப் பார்க்காமல் புதுக் கோர் மாட்டினால், பழையதைக் கொன்ற அதே காரணம் புதியதையும் கொல்லும். சில நேரம் ஐந்து நிமிடத்தில்.

காற்று ஹோஸைக் கழற்றி வீல் நட்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பேரிங் ஆயில் படலத்தில் மிதப்பது, ஆயில் இல்லாதபோது அந்த இடைவெளி கையில் தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் நல்ல டர்போவைக் கழற்றிப் போடுகிறார்கள். ஆட்டும்போது வீல் ஹவுசிங்கில் உரசினால் மட்டும் கோர் போனது என்று பொருள். முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும்போது நிலைமை வேறு. அங்கே டயல் கேஜில் 0.1 மி.மீ.க்கு மேல் காட்டக் கூடாது. விரலுக்கே 'டக் டக்' என்று தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது.

அடுத்து கழற்றிய கோரைப் பாருங்கள்.

காற்று வீலின் இறகு முனைகள் கத்தியால் சீவியதுபோல் மெலிந்திருந்தால் தூசி. குவாரிக்கும் எம்-சாண்ட் யார்டுக்கும் ஓடும் டிப்பர்களில் இதுதான் அதிகம். ஃபில்டரை மாற்றியிருப்பார்கள், ஆனால் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும் அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். இறகு கடிபட்டு மடங்கியிருந்தால் நட்டு, வாஷர், துணி என்று ஏதோ உள்ளே போயிருக்கிறது. உடைந்த துண்டு இன்டர்கூலரில் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) கிடக்கும்.

ஷாப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் வரவில்லை. பேரிங்கில் மட்டும் வரிவரியாகக் கோடு விழுந்திருந்தால் ஆயில் வந்தது, ஆனால் அழுக்காக வந்தது. ஆயில் ஓட்டைக்குள் கரி கெட்டிப்பட்டிருந்தால், ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு எஞ்சினை உடனே நிறுத்தும் பழக்கம்.

ஷாப்டில் ஆட்டமே இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் ஆயில் கசிகிறது என்றால் கோர் மேல் பழி போடாதீர்கள். ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கும், அல்லது எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்து கிராங்கேஸில் அழுத்தம் ஏறியிருக்கும். டர்போவின் சீல் ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் போன்ற ஒரு இரும்பு வளையம். ஆயில் கீழே இறங்க வழி இல்லாவிட்டால் அதனால் தடுக்க முடியாது. இந்த வண்டிக்கு எத்தனை கோர் மாற்றினாலும் கசியும்.

படி 2: நம்பர் பிளேட்

காற்றுப் பக்க ஹவுசிங்கில் சிறிய தகடு ரிவெட் அடித்திருக்கும், அல்லது எண்கள் நேராகவே பொறித்திருக்கும். டீசல் தொட்ட துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, போட்டோ எடுங்கள். மஞ்சள்காமாலைக்காரன் கண்ணுபோல எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தால் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடையுங்கள். எழுத்துக் குழியில் பொடி நிற்கும்.

எண்ணின் அமைப்பே கம்பெனியைச் சொல்லிவிடும். காரெட் என்றால் ஆறு இலக்கம், கோடு, நாலு இலக்கம். உதிரிச் சந்தைக்கு வரும் பெட்டியில் கடைசி நாலில் முதல் எண் 5 ஆகி, பின்னால் எஸ் சேர்ந்திருக்கும். -0008ஐத் தேடும்போது -5008எஸ் வந்தால் பயப்பட வேண்டாம், அதே டர்போதான். போர்க்வார்னர் (பழையவர்கள் கே.கே.கே. என்பார்கள்) நாலு, மூன்று, நாலு இலக்கமாக வரும். நடுவில் 970 அல்லது 988 இருந்தால் முழு டர்போ, 710 என்றால் கோர். மிட்சுபிஷி 49இல் தொடங்கி ஐந்து, ஐந்தாக வரும். ஹோல்செட் கோடில்லாத ஏழு இலக்கம்.

படகுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. லாரி எஞ்சினைக் கடலுக்கு மாற்றி வைத்தவற்றிலும், முன்பே ஒருமுறை டர்போ மாற்றியவற்றிலும் எஞ்சின் நம்பரை வைத்துக் கோர் தேடாதீர்கள். உப்புக்காற்றில் தகடு அரித்து ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த படிதான் வழி.

படி 3: அளவு

தகடு தெளிவாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். கையில் 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியர் போதும். தாளில் குறிக்க வேண்டியவை:

– காற்று வீலின் சிறிய விட்டம் (காற்று நுழையும் பக்கம்), பெரிய விட்டம் (அடிப்பக்கம்), இறகுகளின் எண்ணிக்கை. ஆறு பெரியது, ஆறு குட்டையானது என்றால் 6+6 என்று எழுதுங்கள்.
– புகை வீலுக்கும் இதே மூன்றும்.
– நடுக்கூட்டில் ஆயில் மட்டுமா, தண்ணீர் வழியும் உண்டா? படகு எஞ்சின்களில் இதில்தான் ஏமாறுவார்கள்.
– புகை ஹவுசிங்கோடு சேரும் இடம் போல்ட்டா, வி-பேண்ட் கிளாம்பா? போல்ட் என்றால் எத்தனை?
– ஆயில் நுழையும் துளையின் மரை, இறங்கும் துளையின் இரண்டு போல்ட்டுக்கு இடையிலான தூரம்.

வீல் விட்டத்தில் அரை மி.மீ. வித்தியாசம் என்றாலே அது வேறு கோர். சிறியதாக இருந்தால் ஹவுசிங்கில் இடைவெளி கூடி பூஸ்ட் தப்பும், பெரியதாக இருந்தால் உரசும். லேத்தில் ஹவுசிங்கைக் கடைந்து பெரிதாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

வி.ஜி.டி. டர்போ, அதாவது உள்ளே நகரும் தகடுகளும் ஆக்சுவேட்டரும் உள்ளது, என்றால் புதியவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. கோர் மாற்றியபின் அதை ஃப்ளோ பெஞ்சில் (காற்றோட்டத்தை அளக்கும் மெஷின்) வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த வசதி உள்ள டர்போ ஒர்க்‌ஷாப்புக்கு முழுசாகக் கொடுத்துவிடுங்கள். ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

படி 4: எங்கே, எப்போது கேட்பது

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஓட்டமுள்ள லாரி, கார் மாடல்களுக்கு விசாரிக்கலாம். இல்லாவிட்டால் மதுரை, கோவை, சென்னை. எல்லாவற்றிலும் பக்கம் என்றால் திருவனந்தபுரம்தான், நேரில் போய் அளந்து பார்த்து வாங்கிவிட்டு அன்றே திரும்பலாம். கேரளக் கடை பில்லில் ஜி.எஸ்.டி. எண் 32இல் தொடங்கும், நம்மூர் என்றால் 33. இந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் கடையின் பெயர் வரும். பெயர் பொருந்தாவிட்டால் பணத்தை அனுப்பாதீர்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால், வாரண்டியும் இல்லை என்று அர்த்தம்.

விசைப்படகுக்கு நேரம் முக்கியம். நம் மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எல்லாரும் கடைசி வாரத்தில்தான் எஞ்சினைத் திறப்பார்கள். சீன எஞ்சின்களுக்கான கோர் இறக்குமதியாகி வர வேண்டியிருந்தால் அந்த ஒரு வாரம் போதாது. தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே டர்போவைக் கழற்றி அளந்துவிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியது மூன்று: முழு கோர் வி.எஸ்.ஆர். மெஷினில் (கோரை வேகமாகச் சுற்றவிட்டு அதிர்வை அளப்பது) பேலன்ஸ் செய்ததா, ரிப்போர்ட் தருவீர்களா? கேஸ்கெட் கிட் சேர்ந்து வருமா? பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா? சின்ன கார் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றையும் தாண்டும். ஷாப்டும் வீலும் தனித்தனியாக வாங்கி ஒர்க்‌ஷாப்பிலேயே கோர்த்தால் அந்த வேகத்தில் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கோர் விலையோடு ஹவுசிங் வேலை, பார்சல் கூலி எல்லாம் சேர்ந்து முழு டர்போ விலையில் முக்கால் பங்கைத் தொட்டால், முழுசாகவே வாங்குங்கள். புகை ஹவுசிங் வெளிவரை விரிசல் விட்டிருந்தாலும் அப்படித்தான்.

படி 5: பார்சல் வந்ததும்

பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஆயில் துளைகளில் மூடி இருக்க வேண்டும், திறந்து கிடந்தால் உள்ளே அட்டைத் தூள் போயிருக்கும். வீலைப் பிடித்துத் தூக்காதீர்கள், நடுக்கூட்டைப் பிடியுங்கள். தாளில் எழுதிய எல்லா அளவையும் பழைய கோரோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். காற்று வீல் நட்டை இறுக்கிப் பார்க்கிறேன் என்று ஸ்பானர் போட்டால் பேலன்ஸ் போச்சு, வாரண்டியும் போச்சு. பழைய கோரை, புதியது ஓடிக் காட்டும்வரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

படி 6: மாட்டுவது

ஹவுசிங்கைப் பிரிக்கும் முன்பே மூன்று துண்டின் மேலும் சென்டர் பஞ்ச் அடித்துக் குறி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் குழாய் வேறு திசை பார்க்கும். படகு டர்போவில் துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். ஆயில் இறங்கும் துளை நேர்கீழாக, தப்பினால் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆயில் கேஸ்கெட்டில் சிலிக்கான் பேஸ்ட் தடவக் கூடாது. பிதுங்கிய துண்டு துளையை அடைக்கும்.

ஆயில் வரும் குழாயைக் கழுவுவதைவிட மாற்றுவது மேல், உள்ளே ஒட்டிய கரி கழுவினால் போகாது. பேஞ்சோ போல்ட்டுக்குள் (ஆயில் குழாயை மாட்டும், நடுவில் துளையுள்ள போல்ட்) சின்ன வலை இருந்தால் அதையும் பாருங்கள். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் புதிது. இன்டர்கூலரைக் கழற்றி டீசலில் அலசி, முழுக்க உலர்த்துங்கள். அதில் தேங்கிய ஆயிலை எஞ்சின் உறிஞ்சினால் சாவியை எடுத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது காற்று வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையைக் கையருகே வைத்திருங்கள். கையால் அடைக்கப் போகாதீர்கள்.

கோரின் ஆயில் துளையில் புது எஞ்சின் ஆயிலை ஊற்றி, வீலைக் கையால் சுற்றுங்கள். பிறகு டீசலை நிறுத்திவைத்து, பத்துப் பதினைந்து வினாடியாக இடைவெளி விட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள், ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், சைலன்சரில் கிடந்த பழைய ஆயில் எரிவது அது. அரைமணி ஓட்டத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் ஆயில் இறங்கும் குழாயை மறுபடி பாருங்கள். விசில் சத்தம் வந்தால் ஹோஸ் கிளாம்ப்களில் சோப்பு நீர் தடவுங்கள், கசிகிற இடத்தில் குமிழி வரும். எஞ்சின் ஆறியதும் புகை ஹவுசிங் போல்ட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கி, ஆயில் அளவைப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.