ரோகு மீனைச் சொன்ன நேரத்துக்கு முட்டையிட வைக்க

ரோகு குளத்திலேயே சினை பிடித்துவிடும். ஆனால் தேங்கிய நீரில் முட்டை போடாது, ஆற்றுப் புதுவெள்ளத்துக்காகக் காத்திருக்கும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி, மீனின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி இதற்கு வழி கண்டார். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பொரிப்பகத்தில் இப்போது ஓவாப்ரிம் என்ற செயற்கை ஹார்மோன் ஊசி போடுகிறோம்.

ஊசி சினையை வளர்க்காது. முற்றி நிற்கும் முட்டையை இறக்கிவிடும், அவ்வளவுதான். முற்ற வைப்பது வெயிலும் நீளும் பகலும் நாம் போடும் தீனியும். அதனால் மாசியிலேயே 2 முதல் 5 கிலோ வரையுள்ள தாய்மீன்களைத் தனிக்குளத்தில் விடுங்கள். தினமும் எடையில் 2 சதவீதம் கடலைப் புண்ணாக்கும் தவிடும் போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுத்தண்ணீர் பாய்ச்சுங்கள்.

ஆனியில் பிடித்துப் பாருங்கள். பெண்ணுக்கு வயிறு மெத்தென்று இருக்கும், ஆசனவாய் சிவந்து புடைத்திருக்கும். ஆணுக்கு மார்புத்துடுப்பு சொரசொரப்பாக இருக்கும், வயிற்றை லேசாக அழுத்தினாலே பால் போல விந்து வரும். வராவிட்டால் திரும்ப விட்டுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரின் சூடு. ஒரு வருடம் குஞ்சு கேட்டு அவசரப்படுத்தினார்கள் என்று கத்திரி வெயிலில், தண்ணீர் 33 டிகிரி இருக்கும்போதே ஆறு பெண் மீன்களுக்கு ஊசி போட்டேன். நான்கு முட்டை விடவே இல்லை. மறுநாள் இரண்டு செத்து மிதந்தன. மூன்று வருடம் வளர்த்த மீன்கள், இன்றும் மனசு கேட்கவில்லை. இப்போது மழை பெய்து 27–29 டிகிரிக்கு இறங்கினால்தான் மருந்தைத் திறக்கிறேன்.

அந்தச் சூட்டில் ஊசி போட்ட 8 முதல் 12 மணி நேரத்தில் முட்டை இறங்கும். விடியற்காலைக் குளிர்ச்சியில் வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்குப் போடுங்கள். ஒவ்வொரு மீனையும் எடை போடுங்கள், கண் மதிப்பு வேண்டாம். ரோகு பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.3–0.4 மில்லி, ஆணுக்கு 0.1–0.2. கட்லா என்ற இன்னொரு கெண்டை இனத்தின் பெண் என்றால் 0.4–0.5. ஸ்பாஞ்சில் கிடத்தி, ஈரத்துணியால் கண்ணை மூடி, முதுகுத்துடுப்புக்குக் கீழே செதிலைத் தூக்கி ஊசியைச் சாய்வாக இறக்குங்கள். அப்புறம் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் கணக்கில் தொட்டியில் விட்டு, மேலே ஷவரைத் திறந்துவிடுங்கள்.

நல்ல முட்டை வெந்த ஜவ்வரிசி போலத் தெளிவாக இருக்கும், வெள்ளையானது செத்தது. 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். தாயை உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றித் தீனியைக் கவனியுங்கள். இரண்டு மாதத்தில் அது மறுபடி சினைக்கு வரலாம்.