குடும்பத்துக்குக் கயாக் வாங்கும்போது காசு வீணாகும் இடங்கள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருந்துகொண்டு கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு வாங்க நினைத்தால் முதலில் தேடுவது ‘சீ கயாக்’, கடலுக்கென்று செய்த வகைதான். பக்கத்தில் கடல் கிடக்கிறது, அப்புறம் எதற்கு ஆற்றுப் படகு என்ற கணக்கு. பட்ஜெட் எகிறுவது இந்தக் கணக்கில்தான்.

சீ கயாக் என்று விற்பவை பெரும்பாலும் 14 முதல் 18 அடி நீளம், அகலம் 2 அடியை ஒட்டி. நேராக, வேகமாக, நெடுந்தூரம் போக ஏற்ற வடிவம். ஆனால் காலை உள்ளே நீட்டி உட்கார வேண்டும். கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கும் நிலையில் வெளியே வரத் தெரிய வேண்டும். உள்ளே நிறைந்த தண்ணீரைப் பம்ப் வைத்து இறைக்க வேண்டும். பயிற்சி எடுத்தவருக்கு அது விளையாட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அல்ல.

உங்கள் படகு நிஜமாக எங்கே மிதக்கப் போகிறது என்று யோசியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஆனி ஆடியில் இந்தக் கடலில் சின்னப் படகுக்கு வேலையே இல்லை. மற்ற மாதங்களிலும் கரையில் மடியும் அலையைத் தாண்டுவதே ஒரு தனி வித்தை. ஆக, குடும்பம் துடுப்புப் போடப்போவது குழித்துறை ஆற்றின் கீழ்ப்பகுதியில், மணக்குடிக் காயலில், நெய்யாறு கடலைச் சேரும் பூவாறு பக்கத்தில். அதற்கு, படகின் மேல்பரப்பில் உட்காரும் வகை, அதாவது ‘சிட்-ஆன்-டாப்’, 10 முதல் 13 அடி நீளம், 30 அங்குலத்தை ஒட்டிய அகலம் போதும். கவிழ்ந்தாலும் யாரும் உள்ளே மாட்டிக்கொள்வதில்லை. மேலே விழும் தண்ணீர், மேலிருந்து அடிப்பக்கம் வரை போகும் ஸ்கப்பர் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். நம் கட்டுமரமும் இதே ஏற்பாடுதான்: தண்ணீர் மரங்களின் இடுக்கில் இறங்கிவிடும், நிரம்பி மூழ்க இடமே இல்லை.

அடுத்து, எல்லாரையும் ஒரே படகில் ஏற்றப் பார்ப்பது. 200 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும். அப்பா 70, அம்மா 60, பிள்ளைகள் 30, 20; கூட்டினால் 180, சரிதானே என்று தோன்றும். சரியில்லை. எழுதியிருக்கும் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றினால் படகு தாழ்ந்து, அதே துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி இருக்கையை நனைக்கும், திருப்பவும் வராது. புதிதாக ஒரு பெரிய படகுக்குப் பதில், பழையதாகவே இரண்டு வாங்குங்கள்: ஒன்று இருவர் படகு, ஒன்று ஒருவர் படகு. ஒன்று கவிழ்ந்தால் கைகொடுக்க இன்னொன்று பக்கத்தில் இருக்கும்.

எனக்குக் கோபமே வருவது லைஃப் ஜாக்கெட் விஷயத்தில். படகுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, மிச்சக் காசில் ஏதோ ஒன்றை வாங்குகிறார்கள். அதிலும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை எடுப்பது மாதிரி, வளர்ந்தாலும் போடலாம் என்று இரண்டு சைஸ் பெரிதாக. தண்ணீரில் விழுந்ததும் அது காது வரை ஏறும், பிள்ளை கீழே நழுவும். கடையிலேயே மாட்டி, எல்லா வார்களையும் இறுக்கி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் வார் கட்டாயம். ஜாக்கெட்டின் உள்ளே ஒட்டிய லேபிளில் மிதக்கவைக்கும் விசை 50 நியூட்டன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்த பெரியவருக்கு. பிள்ளைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் 100 நியூட்டன், கழுத்துப்பட்டை வைத்தது. நாலு பேருக்கு நாலு ஜாக்கெட்டின் விலையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் படகு தேடுவதுதான் முறை. துடுப்பு 220 முதல் 240 சென்டிமீட்டர், பிள்ளைகளுக்குக் குட்டை.

காற்றடைக்கும் கயாக் மலிவு, பீரோவுக்கு மேலேயே வைத்துவிடலாம். ஆனால் கனமில்லாததால் காற்று சொல்லும் பக்கம்தான் போகும். விடியற்காலையில் இங்கே காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். தண்ணீர் கண்ணாடி போலத் தெரியும் அந்த நேரத்தில்தான் சத்தமில்லாமல் வெளியே இழுத்துக்கொண்டு போகும். பாறையில் ஒட்டிய சிப்பி அடிப்பக்கத்தைக் கிழிக்கும் என்பது வேறு. காயலின் உள்பகுதிக்கு மட்டும் என்றால் வாங்கலாம்.

எந்தப் படகு வாங்கினாலும், ஆறு கடலில் சேரும் பொழிமுகம் பக்கம் போகாதீர்கள். தேங்காப்பட்டணம் துறைமுக வாயிலில் அனுபவசாலி மீனவர்களின் வள்ளங்களே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. கள்ளக்கடல் இன்னும் மோசம். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். அது அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி விடுமுறையில். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்புமுன் பார்த்துவிடுங்கள், காயலுக்குத்தான் என்றாலும்.

எடையையும் விசாரியுங்கள். இருவர் படகு 30 கிலோவைத் தாண்டும். மணலில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கார் கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

பழைய படகு பார்க்கும்போது வெயிலில் கிடந்து நிறம் வெளுத்திருந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். ஸ்கப்பர் துளைகளின் உள்விளிம்பில் விரலை ஓட்டுங்கள். மயிரிழை விரிசல் முதலில் விழும் இடம் அதுதான். வடிகால் அடைப்பானைக் கழற்றி, இரண்டு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, திரும்ப மூடி, படகை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பாருங்கள். கசிந்தால் விற்பவர் எம்சீல் போதும் என்பார். பாலிஎத்திலீனில் எம்சீல் நிற்காது. அதே பிளாஸ்டிக்கை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் படகை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.