நிமோனியா ஊசியில் நாம் கோட்டை விடும் இடங்கள்

எங்கள் வீட்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம், வழக்கம்போல் தாய்வீட்டில், உசிலம்பட்டிப் பக்கம். குழந்தைக்கு 6-வது வாரம் போட வேண்டிய ஊசிகளை அங்கேயே போட்டாயிற்று. மூன்றாம் மாதம் நல்ல நாள் பார்த்து மதுரை செல்லூரில் மாமியார் வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டார்கள். தொட்டில் வந்தது, வசம்பு வந்தது, வெள்ளி அரைஞாண்கூட வந்தது. தடுப்பூசி அட்டை மட்டும் உசிலம்பட்டி பீரோவிலேயே தங்கிவிட்டது. 14-வது வாரம் போட வேண்டிய நிமோனியா ஊசி, 5 மாதம் முடிந்த பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது.

ஊசியே வேண்டாம் என்பவர்கள் நம் பக்கம் குறைவு. தேதியைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். 2021-லிருந்து நாடு முழுக்க அரசு இலவசமாகவே போடும் இந்த ஊசிக்கு (நிமோனியாவைத் தரும் நிமோகாக்கஸ் என்ற கிருமிக்கு எதிரானது, அதனால் நிமோகாக்கல் ஊசி என்பார்கள்) மூன்று தவணை: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். 10-வது வாரம் மற்ற ஊசி உண்டு, இது கிடையாது. குழப்பம் இங்கேதான். "போன தடவை இதையும் சேர்த்துப் போட்டாச்சே" என்று அம்மாக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 9-வது மாதத் தவணையோ தட்டம்மை ஊசியோடு வருவதால், அதை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு. இந்த மூன்றாவது நிமோனியா ஊசிதான் பூஸ்டர், விடக் கூடாது.

அட்டையைப் போட்டோ எடுத்து, அப்பா, அம்மா, இரண்டு பாட்டி என்று எல்லோர் போனிலும் வைத்துவிடுங்கள். தவணை தள்ளிப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு தவணைகூடப் போடாமல் முதல் பிறந்தநாள் தாண்டிவிட்டால்தான் சிக்கல். அதற்கப்புறம் அரசுத் திட்டத்தில் இதைத் தொடங்க மாட்டார்கள். தனியாரில் போடலாம், ஆனால் ஆயிரக்கணக்கில் செலவாகும்.

அடுத்தது பாட்டிமார் கோபம். 6-வது வாரம் இடது தொடையில் ஒன்று, வலது தொடையில் ஒன்று, கையில் போலியோவுக்கு ஒன்று. "பச்சப்புள்ளைய இப்படிக் குத்துறாகளே, ஒண்ண அடுத்த வாரம் போடுங்க தாயி" என்று நர்சம்மாவிடம் மல்லுக்கு நிற்பார்கள். அடுத்த புதன்கிழமை கிடாவெட்டு வரும், இல்லை ஆற்றில் அழகர் இறங்குவார். அந்த ஊசி அப்படியே போய்விடும். ஒரே நாளில் போடுவதால் கெடுதல் இல்லை.

லேசான சளி, மூக்கொழுகலுக்காகத் தள்ளிப்போடுவதும் தப்புதான். நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடம், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

பெரியவர்கள் விஷயத்தில் இரண்டு ஊசிகளை ஒன்றென்று குழப்பிக்கொள்கிறோம். வருஷா வருஷம் போடும் ஃப்ளூ ஊசி வேறு, இது வேறு. 65 தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், மண்ணீரல் எடுத்தவர்கள், பீடியை விடாத தாத்தாக்கள் எல்லோரும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அரசு இலவசத் திட்டம் கைக்குழந்தைகளுக்குத்தான் என்பதால் பெரியவர்களை யாரும் தேடி வந்து கூப்பிட மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஊசி போட்டாயிற்று, இனி நிமோனியாவே வராது என்று இருந்துவிடாதீர்கள். நிமோகாக்கஸ் கிருமியில் மட்டும் நூறு வகைக்கு மேல் உண்டு, ஊசி அடக்குவது அதில் மோசமான சிலவற்றைத்தான். வேறு கிருமிகளாலும் நிமோனியா வரும். சளி பிடித்த குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இந்தக் கணக்கைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, மந்திரித்துத் திருநீறு பூசுவதை வந்து பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.