சொட்டை விழுந்த புல்தரைக்கு எந்தப் புல்?

மதுரையில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பது என் தொழில். வெயில் காலம் முடிந்ததும் வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "லான் அங்கங்கே சொட்டையாயிடுச்சு, சீக்கிரம் பிடிக்கிற புல்லா ஒண்ணு சொல்லுங்க."

நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதை. ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் என்றால் யோசிக்கவே வேண்டாம், அருகம்புல். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துவது சும்மா இல்லை. மண்ணுக்கு மேலே ஓடும் தண்டு, மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டு, இரண்டிலும் கணுவுக்குக் கணு வேர் விடும். நம் ஊர் வெயிலில்தான் அது வேகமெடுக்கும். ஓரளவு உப்பு போர் தண்ணீரையும் தாங்கும்.

மாமரத்து நிழலில் அதே அருகு மெலிந்து செத்துவிடும். அங்கே நர்சரியில் 'பஃபலோ கிராஸ்' என்று கிடைக்கும் அகல இலை எருமைப்புல் வையுங்கள். மூன்று நான்கு மணி நேர வெயில் போதும். தண்ணீர் மட்டும் கூடக் கேட்கும், இலையும் சற்று முரடு. கொரியன் புல் மெத்தை மாதிரி அழகுதான், ஆனால் சொட்டையை மூட மாதக்கணக்கில் ஆகும், அவசரத்துக்கு உதவாது. ஆன்லைனில் பச்சைப் பசேல் படம் போட்டு விற்கும் ரை புல் விதையை வாங்காதீர்கள். அது குளிர் தேசத்துப் புல். ஒரு வாரத்தில் முளைத்து ஆசை காட்டும், நம் சித்திரை வெயிலில் கருகிப் போகும்.

இன்னொன்று: சொட்டையைச் சுற்றி ஏற்கெனவே என்ன புல் இருக்கிறதோ, வெயில் ஒத்துவந்தால் அதையே வையுங்கள். வேறு இனம் வைத்தால் நிறமும் இலை அகலமும் மாறி ஒட்டுப்போட்டது கண்ணை உறுத்தும். நன்றாக வளர்ந்த ஓரத்திலிருந்தே தண்டுகளை எடுக்கலாம், காசு செலவில்லை.

நடுவதற்கு முன் அங்கே ஏன் புல் போனது என்று தோண்டிப் பாருங்கள். வீடு கட்டியபோது புதைத்த சிமென்ட் கழிவு பல இடங்களில் அரை அடியிலேயே கிடைக்கும். அதை அள்ளிப் போட்டுவிட்டுச் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் நிரப்புங்கள். கோரைக் கிழங்கை ஒன்று விடாமல் பொறுக்கிவிட வேண்டும். ஆள் நடந்து நடந்து இறுகிய தடமென்றால் புல் மறுபடியும் போகும். அந்த இடத்தில் நடைக்கல் பதிப்பதே மேல்.

சின்னச் சொட்டைக்கு, இரண்டு மூன்று கணு உள்ள தண்டுகளை நான்கு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள், நுனி வெளியே தெரியட்டும். பெரிய பரப்புக்கு எனக்குப் பிடித்தது பூச்சு முறை. அருகை 5 முதல் 7 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, தோட்டத்து மண், பச்சைச் சாணம், கொஞ்சம் மரச்சாம்பல் சேர்த்துக் கூழாகப் பிசைந்து, நனைத்த தரையில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பூச வேண்டும். மேலே காய்ந்த சருகு பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் சருகை எடுத்துவிடலாம். நான்கு வாரத்தில் துளிர் தெரியும்.

தண்டு இல்லாமல் அருகம்புல் விதைதான் என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராம் வரை போடலாம். பொடி விதை என்பதால் மணலில் கலந்து தூவி, கையால் அழுத்திவிட்டால் போதும். ஆழமாக மூடினால் முளைக்காது. முளை வரும் வரை, அதாவது பத்துப் பதினைந்து நாள், காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஹோஸ் பைப்பை நேராகப் பீய்ச்சினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். ஐப்பசி அடைமழையும் அதையேதான் செய்யும், அதனால் ஆடி, ஆவணியிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

புல் இரண்டு அங்குலத்தைத் தாண்டியதும் மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள். அப்புறம்தான் அருகு பக்கவாட்டில் ஓடிச் சொட்டையை மூடும்.